பிள்ளைத்தாய்ச்சிக்கு ஓ.டி.பி. வந்ததா?

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் கொடும்பாளூர் இளவரசி வானதி பேர்போனவள், மயங்கி விழுவதற்கு. இளவரசர் போருக்குப் புறப்பட்டால் கையிலிருக்கும் தீபத் தட்டு நழுவும், பின்னாலேயே அவளும் சரிவாள். 1950ல் தொடராக வரத் தொடங்கிய கதை. எழுபது வருஷத்துக்கு மேலாக மூன்று தலைமுறை வாசகர்கள் அதைக் காதல் மயக்கம் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போயிருக்கிறோம். அந்தப் பெண்ணின் விரல் நுனியில் ஒரு குத்து குத்தி, ரத்தம் எத்தனை பாயிண்ட் என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ராஜ வைத்தியருக்கே தோன்றாதபோது வாசகரைச் சொல்லி என்ன.

அந்தக் கொடும்பாளூர் இன்றும் இருக்கிறது. திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில், விராலிமலை தாண்டி. மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டைக்குச் சுமார் 40 கிலோமீட்டர், திருச்சிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இப்போது இளவரசிகள் யாரும் இல்லை. நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் மயங்கி விழுகிறார்கள். ஆனால் அதை யாரும் காதல் என்று சொல்வதில்லை. “வெயில்ல நின்னா, சாப்புடாம வந்திருப்பா” என்று முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, மறுபடி மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவோம்.

2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 44.4. அதாவது முன்னேறியிருக்கிறோம். எந்தத் திசையில் என்று மட்டும் கேட்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் தாங்க உடம்பில் கையிருப்பு இருக்காது. இது எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமல்ல. துணை சுகாதார நிலையத்துச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எழுதுவதில் நமக்கு எப்போதும் குறை வந்ததில்லை.

எழுதும் பழக்கம் இந்த ஊருக்குப் பழையது. மூவர் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரி, தன் பேரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் இரண்டு தேவியர் பேரிலும் மூன்று விமானங்கள் எழுப்பியதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கற்றளி அவனுக்குப் பெற்றுக் கொடுத்த இரண்டு ஆண் பிள்ளைகளின் பெயரும் அதில் உண்டு. காளாமுகத் துறவிகளுக்கு மடமும் ஊர்களும் கொடுத்த கணக்கும் உண்டு. அந்த இரண்டு பிள்ளையையும் பெற அவள் பட்ட பாடு மட்டும் இல்லை. கல்வெட்டில் இடம் போதவில்லை போலும். மூன்று விமானங்களில் ஒன்று இன்று அடித்தளத்தோடு சரி. மிச்சமிருப்பதைத் தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. கல்லைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. மீறினால் தண்டனையும் இருக்கிறது.

இன்னொரு கல்லும் இந்த நாட்டில் உண்டு. பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். சுமைதாங்கிக் கல். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளின் பாரம் இறங்கட்டும் என்று அவள் குடும்பத்தார் நட்டது. தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்து இளைப்பாறிப் போவார்கள், அந்தப் புண்ணியம் செத்தவளுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. உயிரோடு இருந்தவரை அவள் தலையிலிருந்த தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் ஒரு கை பிடித்து இறக்கி வைக்காத ஊர், செத்த பிறகு கல் நட்டு இறக்கியிருக்கிறது. நம் முன்னோர்கள் ஒன்றும் இரக்கமற்றவர்கள் அல்லர். கொஞ்சம் தாமதமாக இரக்கப்படுவார்கள். அந்தப் பண்பாட்டை இன்றைக்கு அரசாங்கங்கள் வழுவாமல் காப்பாற்றி வருகின்றன.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அரசாங்கத்தை மட்டும் திட்டுவது எனக்குப் பிடிக்காது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே குங்குமப்பூ வந்துவிடும். கிராம் என்ன விலை என்று கேட்டால் நமக்கே மயக்கம் வரும். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமே! கிராம சுகாதார செவிலியர் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன இரும்புச் சத்து மாத்திரை மட்டும் ஜன்னல் மேட்டில் சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் கிடக்கும். அதைத் தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று யாரோ ஒரு பெரியம்மா சொல்லியிருப்பார். தினம் ஒன்றாக ஆறு மாதம் விழுங்க வேண்டிய மாத்திரை அது. விழுங்கினால் குமட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும். இதெல்லாம் வரும், பயப்படாதே, டீயோடு மட்டும் சாப்பிடாதே என்று உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. செவிலியர் கேட்பார்: “மாத்திரை சாப்புட்டியா தாயி?” இவள் சொல்வாள்: “சாப்புட்டேங்கம்மா.” பதிவேட்டில் ஒரு டிக். டெல்லி வரைக்கும் அந்த டிக் போய்ச் சேரும். ரத்தம் மட்டும் ஏறாது.

சோற்று விஷயத்துக்கு வருவோம். ‘ரெண்டு உசிருக்குச் சாப்புடு’ என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வார்கள். பானையில் முதலில் கை வைப்பவர் மாமனார், பிறகு புருஷன், பிறகு கொழுந்தன், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார். எல்லாரும் எழுந்த பிறகு, வழித்துப் போட்டால் எவ்வளவு வருமோ அதுதான் அந்த ரெண்டு உசிருக்கும். முட்டை புருஷன் தட்டில், முட்டை பொரித்த எண்ணெய் இவள் சோற்றில். இதைக் கேட்டால் கோபம் வருகிறவர்கள், நாளை ராத்திரி உங்கள் வீட்டில் யார் கடைசியாக உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

வளைகாப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது யாருக்கு? வீட்டு வளைகாப்பை விடுங்கள், அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பைச் சொல்கிறேன். எந்த ஒன்றியத்திலும் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைப் பார்க்கலாம். வாசலில் பத்தடி பேனர். அதில் தலைவர்கள் சிரிப்பார்கள். கர்ப்பிணி என்ற வகையில் ஒரு படம் இருக்கும், மூலையில், அதுவும் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய வடநாட்டுப் பெண். ஒன்பது மணிக்கு வரச் சொல்லி அங்கன்வாடிப் பணியாளர் ஏழாம் மாதக்காரிகளைக் கூட்டி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்தால் அவருக்கு மரியாதை இல்லை. அதுவரை இவர்கள் எழுந்து போகக் கூடாது, நாற்காலி காலியாகத் தெரியும். மண்டபத்துக் கழிப்பறை பின்கட்டில் படியிறங்கிப் போகணும், தண்ணீர் வாளியில் தூக்கணும். ஏழு மாத வயிற்றுக்காரிக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஒருவழியாகக் கார் வந்து நிற்கும். பொன்னாடை, சால்வை, வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமையுரை. ‘தாய்மையைத் தெய்வமாகப் போற்றும் மண் இது’ என்று ஒருவராவது சொல்லியே தீர வேண்டும். முன்வரிசையில் பத்துப் பேருக்கு விருந்தினரே வளையல் போடுவார், கேமரா பார்த்துக்கொண்டே. மீதிப் பேருக்கு மேடையிலிருந்து இறங்கின பிறகு யாராவது போடுவார்கள். புளிச்சோறு, லெமன் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம் என்று ஐந்து வகைச் சோறு. பசியில் காது அடைத்துப்போனவளுக்கு அப்போது அது எந்த வகை என்றே தெரியாது. மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். அதிலும் அவளுக்கு முகம் இருக்காது, கை மட்டும்தான்.

சாப்பாடு போடுகிறார்களே, அதையும் குறை சொல்வதா என்று கேட்பீர்கள். சோற்றைக் குறை சொல்லவில்லை. அன்று ஒருவேளை போட்ட சோற்றை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டும் வாயைச் சொல்கிறேன்.

சோறு போடுவதில் இந்த ஊருக்கு ஒரு முன்னோடி உண்டு. அறுபத்து மூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூர்க்காரர், குறுநில மன்னர். அடியார்களுக்கு அமுது படைக்கக் கையில் ஒன்றும் இல்லாத ஒருவர், ராத்திரியில் மன்னரின் நெல் பண்டாரத்தில் புகுந்து திருடினார். காவலர் பிடித்து வந்து நிறுத்தினார்கள். எதற்கு எடுத்தாய் என்று கேட்டார் மன்னர். அடியாருக்குச் சோறு போட என்றார் திருடர். விட்டுவிட்டதோடு, அடியார்கள் வேண்டியதைப் பண்டாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார் இடங்கழியார். பெரிய புராணம் சொல்கிற கதை. நல்ல வேளை, அவர் அந்தக் காலத்திலேயே ஆண்டுவிட்டுப் போய்விட்டார். இன்றைக்குப் பண்டாரம் என்பது கர்ப்பிணிக்கு அரசு தரும் மகப்பேறு உதவி, அதன் சாவி ஒரு செயலியில் இருக்கிறது. ஆதார், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைத்த செல்போன், அந்தப் போனுக்கு வரும் ஓ.டி.பி. வந்தால்தான் கதவு திறக்கும். போன் புருஷனிடம். புருஷன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ. அவன் ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாந்தி வந்ததா, கால் வீங்கியதா என்று கேட்பதற்கு முன்னால் நாம் கேட்கும் கேள்வி, ஓ.டி.பி. வந்ததா?

அந்த உதவித் திட்டத்துக்குப் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1886ல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரே முணுமுணுத்தபோது மன்னரின் அனுமதியோடு ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் நுழைந்தவர். 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம். 1927ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் போய், தேவதாசி முறையை ஒழிக்கக் கொடி பிடித்தவர். எந்தக் கதவு சாத்தியிருந்தாலும் தட்டித் திறந்த அந்த அம்மாளின் பெயரை வைத்துவிட்டு, அதற்கு எத்தனை தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கணும். வயது 19 நிறைந்திருக்கணும். இரண்டு பிரசவத்துக்குத்தான். பதினேழு வயதில் கட்டிக் கொடுத்து, பதினெட்டில் வயிற்றில் வாங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்குத்தான் சோறும் கவனிப்பும் எல்லாரையும்விடக் கூடுதலாக வேண்டும். அவளுக்கு ஒன்றும் கிடையாது. கட்டிக் கொடுத்தவர்கள் செய்த குற்றத்துக்கு அபராதம் அவள் வயிற்றின் மேல். நல்ல நீதி.

தொகையை 2006ல் 6,000 ஆக்கினார்கள், 2011ல் 12,000, 2018ல் 18,000. இதில் 14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முன்பு ஐந்து தவணை. 2024லிருந்து மூன்று: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, பிள்ளைக்கு நாலு மாதம் ஆனதும் 6,000, ஒன்பது மாதம் ஆனதும் 2,000. கணக்கை ஒருமுறை மறுபடி படியுங்கள். கர்ப்ப காலத்தில் கைக்கு வருவது ஆறாயிரம். பாதிக்கு மேல் வருவது பிள்ளை பிறந்த பிறகு. அந்த ஆறாயிரமாவது நான்காம் மாதத்திலேயே வருமா என்று கொடும்பாளூர்ப் பக்கம் மட்டுமில்லை, எந்த மாவட்டத்திலும் ஒரு நர்சம்மாவைக் கேளுங்கள், சிரிப்பார். தவணை மாதக்கணக்கில் தள்ளிப்போவது பத்திரிகையில் செய்தியாகி, செய்தியும் பழசாகிவிட்டது.

பெட்டகத்தின் கதை வேறு. சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச் சத்து டானிக். வீட்டுக்கு வந்ததும் நெய் பருப்புக்குப் போகும், பேரீச்சம்பழம் மூத்த பிள்ளைக்கும் நாத்தனார் பிள்ளைகளுக்கும் போகும், சத்துமாவை மாமனார் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சான்றிதழ் கொடுப்பார். டானிக் மட்டும் அவளுக்கு. அது கசக்குமே!

நம் வழக்கமோ தலைப்பிரசவம் தாய் வீட்டில். பதிவு புருஷன் ஊர் சுகாதார நிலையத்தில், பிரசவம் தாய் ஊர் அரசு ஆஸ்பத்திரியில். இந்த வழக்கம் தமிழ்நாட்டில் எத்தனை நூறு வருஷமாக இருக்கிறது என்று அந்த மென்பொருளை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பச்சை உடம்புக்காரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்த ஊரில் ‘அங்கே போ’ என்றும் அந்த ஊரில் ‘அங்கேதான் கேட்கணும்’ என்றும் அலைவாள். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்று கணக்குப் பார்த்துப் போட்டிருக்கும் கிராம சுகாதார செவிலியரைத் திட்டிப் பயன் இல்லை. தடுப்பூசி, வீட்டு விசிட், பதிவேடு, அந்தப் பதிவேட்டில் எழுதியதையே மறுபடி செல்போனில் ஏற்றும் வேலை. இருட்டிய பிறகு சிக்னல் தேடி மொட்டை மாடியில் நிற்கும் செவிலியர்களை அரசாங்கம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக்கி ரொம்ப நாள் ஆகிறது.

மாநில அரசைச் சொல்லிவிட்டு மத்திய அரசை விட்டால் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். 2013ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் மகப்பேறு உதவி தர வேண்டும் என்று சொல்கிறது. குறையாமல்! மூன்று வருஷம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2016 டிசம்பர் 31 ராத்திரி, நோட்டுச் செல்லாமல் போய் ஊரே வரிசையில் நின்று களைத்திருந்த நேரத்தில், பிரதமர் தொலைக்காட்சியில் ஆறாயிரத்தைப் புதுவருஷப் பரிசாக அறிவித்தார். அடுத்த வருஷம் திட்டம் வந்தது. 5,000 ரூபாய், முதல் பிள்ளைக்கு மட்டும். மீதி ஆயிரம்? ஏற்கெனவே இருந்த இன்னொரு திட்டத்தின் பணத்தைக் கூட்டி ‘சராசரியாக’ ஆறாயிரம் என்றார்கள். சராசரி என்பது எப்பேர்ப்பட்ட சொல்! பிறகு இரண்டாவது பிள்ளைக்கும் உண்டு, ஆனால் பெண்ணாக இருந்தால் என்றார்கள். இரண்டாவதும் ஆணாகப் பிறந்துவிட்டால் அவளுக்குப் பசிக்காது என்பது டெல்லியில் கண்டுபிடித்த மருத்துவ உண்மை.

இப்படி ‘இரண்டோடு நிறுத்து, மூன்றாவது என்றால் காசு கிடையாது’ என்று ஒரு வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாய் வேறு பாட்டுப் பாட ஆரம்பித்தது. தொகுதி மறுவரையறை வருகிறது, மக்கள்தொகை குறைந்தால் எம்.பி. சீட்டும் குறையும் என்றதும், 2024 அக்டோபரில் கோயில் திருமண விழாவில் அன்றைய முதலமைச்சர் பதினாறு பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் புதுமணத் தம்பதிகளிடம் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆந்திர முதல்வரும் இதையே பேசினார். மறுவரையறையில் தென்னாட்டுக்கு அநியாயம் நடக்கும் என்ற பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் டெல்லியில் இழக்கும் நாற்காலியை மீட்கும் பொறுப்பை எதற்கய்யா கொடும்பாளூர்க்காரி கர்ப்பப்பையின் மேல் ஏற்றுகிறீர்கள்? அதே 2025 மே மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா? தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் கல்யாணத்தில் இரண்டு பிள்ளை இருக்கிறது என்று காரணம் சொல்லி, இரண்டாவது கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு மகப்பேறு விடுப்பு மறுத்திருந்தது இதே தமிழ்நாடு அரசு. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த விடுப்பு தன் உரிமை என்று தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. மேடையில் பதினாறு, கோப்பில் இரண்டு.

அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாத விடுப்பு. நல்ல காரியம், வாய்விட்டே பாராட்டுகிறேன். கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு 2017 திருத்தத்திலிருந்து 26 வாரம். களத்துமேட்டில், செங்கல் சூளையில், சித்தாள் வேலையில் இருப்பவளுக்கு? வலி எடுக்கிற வரைக்கும் வேலை, வலி எடுத்த பிறகு விடுப்பு. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் தீட்டுக் கழித்தால் மறுநாள் களத்துக்குப் போகலாம். அந்த முப்பது நாளையாவது ஓய்வு என்று பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. தீட்டு, தனிப்பாய், தனித்தட்டு, பத்தியம் என்ற பெயரில் கருவாடு, பூண்டு தவிர காய்கறியெல்லாம் விலக்கு. ராத்திரி பிள்ளையைப் பார்த்துக் காரணமே இல்லாமல் அழுகிறாள் என்றால் கோடாங்கியைக் கூப்பிட ஆள் ஓடும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று ஒரு நோய் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்று சொன்னால், ‘அதெல்லாம் டவுன்காரிகளுக்கு’ என்பார்கள்.

விராலிமலைப் பக்கம் வந்தவர்கள் ஜல்லிக்கட்டைப் பார்க்காமல் போகக் கூடாது. 2019 ஜனவரியில் இங்கே 1,300க்கும் மேற்பட்ட காளைகளை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டு உலகச் சாதனை என்று அறிவித்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள், அது சாதனைக் கணக்கில் சேராது. எனக்கு ஜல்லிக்கட்டு மேல் பகை இல்லை, என் பொறாமையெல்லாம் காளையின் மேல்தான். 2017ல் போட்ட விதிகளில் காளைக்கு என்னென்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரணும். அவிழ்ப்பதற்கு முன்னால் ஓய்வு கொடுக்கணும். வெயில் படாமல் நிழல், குடிக்கத் தண்ணீர், தீவனம். வாடிவாசலில் அதன் பெயரையும் வளர்த்தவர் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். வளைகாப்பு மண்டபத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தவளுக்கு இதில் ஒன்றாவது கிடைத்ததா? அவள் பெயரையாவது மைக்கில் சொன்னார்களா? 2013 முதல் 2021 வரை மாநிலத்தின் சுகாதார அமைச்சராக இருந்தவர் இந்தத் தொகுதிக்காரர். அதனால் இங்கே யாரும் எட்டாக்கையில் இருந்தோம் என்று சொல்லவும் முடியாது.

அதே காலத்தில்தான், 2018 டிசம்பரில், சாத்தூர் நடந்தது. ரத்தசோகை என்று அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. ரத்தம் கொடுத்த இளைஞனுக்கு அந்தத் தொற்று இருப்பது 2016லேயே பரிசோதனையில் தெரிந்திருந்தது. அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காக வேறிடத்தில் சோதித்தபோது தெரிந்துகொண்டு, தானே ஓடி வந்து என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று சொன்னவன் அவன். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அவன் விஷம் குடித்து அந்த மாதமே செத்தான். ஊழியர்கள் சிலர் மேல் நடவடிக்கை, குடும்பத்துக்கு வேலை, நிவாரணம் என்று அறிவிப்புகள் வந்தன. இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. நாலு மாதம் மாத்திரையும் கீரையும் ஒழுங்காகப் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ரத்தமே ஏற்ற வேண்டியிருந்திருக்காது.

காசு உள்ள வீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8. எல்லாமே தேவையில்லாதது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலை 9.10க்குள் எடுத்துவிடுங்கள், அப்புறம் ராகுகாலம் என்று தியேட்டர் வாசலில் நிற்கும் குடும்பங்களைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிள்ளை கலெக்டராகும் நேரத்தைக் குறித்துக் கொடுத்த ஜோசியர், தாய் தையல் பிரிந்து படுத்திருக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுப்பதில்லை.

பெற்று முடித்தவளை அத்தோடு விடுவோமா? குடும்பக் கட்டுப்பாடும் அவளே. ஆய்வுக் கணக்கில் பெண் கருத்தடை அறுவை 57.8 சதவீதம், ஆண் கருத்தடை 0.1. ஆணுக்குத் தையல்கூட இல்லாமல் அரைமணியில் முடிகிற வேலை. ஆனால் அவனுக்கு ‘பலம் போய்விடும்’. காளை அடக்கும் மாவட்டத்து வீரர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் ஏன் இத்தனை நடுக்கம் என்று தெரியவில்லை.

செய்ததையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு 97 தாய்மார்கள் செத்த 2018–20ல் தமிழ்நாட்டில் 54 பேர். வீட்டில் பிரசவம் என்பதே இங்கே கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரியும் ஆரம்ப சுகாதார நிலையமும், அங்கே விழித்திருக்கும் செவிலியரும், கூப்பிட்டால் வரும் 108ம்தான் அதற்குக் காரணம். பேனரில் சிரித்தவர்கள் அல்லர். அதே வருஷங்களில் பக்கத்துக் கேரளத்தில் 19. அந்த 54க்கும் இந்த 19க்கும் இடையில் லட்சத்துக்கு 35 பெண்கள். அவர்கள் கையிலும் யாரோ ஒரு பிரமுகர் வளையல் போட்டிருப்பார்.

அதனால் ஒரு வேண்டுகோள். கொடும்பாளூருக்கோ உங்கள் ஊருக்கோ அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள். சட்டம் சொன்ன ஆறாயிரத்தை எத்தனையாவது பிள்ளை, ஆணா பெண்ணா, பத்தொன்பது ஆயிற்றா என்று கேட்காமல் கர்ப்பம் உறுதியான மாதமே கொடுப்பாரா, கூலிக்காரிக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கூலியோடு விடுப்பு உண்டா, உங்கள் துணை சுகாதார நிலையத்தில் காலியாகக் கிடக்கும் இடத்துக்குச் செவிலியர் எப்போது வருவார் என்று கேளுங்கள். பதிலுக்கு ‘தாய்க்குலமே’ என்று ஆரம்பித்தால் மைக்கைப் பிடுங்கிவிடுங்கள்.